சர்வர் 2010, செகண்ட் ரிலீஸ்

நான் சொல்லப்போவதை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை சார். சொல்லும்போது நம்புவேன். சொல்லி முடித்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போது சந்தேகம் வந்துவிடும். அடுத்த ஆளிடம் சொல்லும்போது மறுபடி நம்பிக்கை வரும். அதனால்தான் இத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள்.

கையை நீட்டித் தடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஆள், பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு உங்கள் லேப்டாப்பில் கை வைப்பது தப்புதான். ஆனால் திரையில் அந்தப் பெட்டி வந்ததே, 'புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றவா?' என்று. நீங்கள் படிக்காமலே 'ஆம்' அழுத்தப் போனீர்கள். எதைவிடப் புதியது என்று அதைச் செய்தவன் சொன்னானா? நீங்கள் கேட்டீர்களா? நான் இந்தத் தொழிலில் முப்பது வருஷம். புதியது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் என் கை தானாகத் தடுக்கப் போய்விடும்.

சேலத்தில் ஏறினேன். கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 'எடுத்துக்கொள்ளலாம்' அல்லது 'வேண்டாம்'. அவ்வளவுதான் பேச்சு. அதில் ஒருத்தன் பிழைப்பு இருக்கிறது. தணிகைவேல் என்று பெயர். என் பிழைப்பைக் கெடுத்தவன்.

கெடுத்தவன் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அப்போது நான் அவிநாசி ரோட்டில் ஒரு நூற்பாலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு. நாலு மில்லுக்கும் சேர்த்து ஒரே சர்வர். மயில்சாமி சார் என்றால் முதலாளியே எழுந்து நின்று பேசுவார். சரி, எழுந்து நிற்க மாட்டார், உட்காரச் சொல்வார். அதுவே பெரிசு. தணிகைவேல் எனக்கு அடுத்த ஆள். தாராபுரத்துப் பக்கம். நான்தான் வேலைக்கு எடுத்தேன், நான்தான் கேபிள் மாட்டுவதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். "சரிங்ணா, சரிங்ணா" என்று பின்னாலேயே வருவான். அந்த 'ண்ணா'வை நம்பக்கூடாது சார்.

நாங்கள் வைத்திருந்த ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு 'காரியா' என்று பேர். கடிதம் அடிக்க, கணக்குப் போட, மெயில் அனுப்ப எல்லாம் அதுதான். அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், பேர் வைக்க மட்டும் தெரியாது. மேசைக் கம்ப்யூட்டருக்கு வருவது காரியா 8, காரியா 9. சர்வருக்கு வருவது மட்டும் வருஷக் கணக்கு. சர்வர் 2010 என்று ஒன்று. அடுத்த வருஷம் சின்ன ஆபீஸ்களுக்காக ஒன்று விட்டார்கள். உள்ளே பார்த்தால் 2008-ஐ எடுத்து வாலை நறுக்கியது. ஆனால் பேர் என்ன தெரியுமா? சர்வர் 2011. அதற்கும் அடுத்த வருஷம் நிஜமாகவே புதிதாக, பெரிதாக ஒன்று செய்தார்கள். அதற்குப் பேர் சர்வர் 2010, செகண்ட் ரிலீஸ். ஆக 2011 பழசு, 2010 புதுசு. பெற்ற பிள்ளைகளுக்கு இப்படிப் பேர் வைப்பார்களா? தம்பிக்குப் பெரியசாமி, அண்ணனுக்குச் சின்னச்சாமி. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது யாருக்குத் தெரியும்?

தலைமை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது சாதா 2010. உடுமலைக் கிடங்குக்காக முந்தின வருஷம் வாங்கிய 2011 டிஸ்க் ஒன்று அலமாரியில் கிடந்தது. அந்தப் புரட்டாசியில் செகண்ட் ரிலீஸை வாங்கினோம். வாங்கும் பேச்சையெல்லாம் தணிகைவேல்தான் பார்த்தான். ஆபீஸில் யாரும் நம்பர் சொல்லிப் பேச மாட்டோம். 'பழைய சர்வர்', 'புது சர்வர்', அவ்வளவுதான். "புது சர்வர் டிஸ்க் வந்துருச்சுங்ணா, அலமாரியில வெச்சிருக்கேன்" என்றான். நானும் சரி என்றேன். விஜயதசமியன்று காலையில் ஏற்றுவது என்று முதலாளி நாள் குறித்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் மில்லில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. ஸ்பின்னிங் மெஷினிலிருந்து முதலாளி கார் வரைக்கும் பொட்டு. கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு, யாரையும் விட மாட்டேன். சந்தனத்தை நானே குழைப்பேன், கெட்டியாக. தண்ணீர் விட்ட சந்தனம் வழிந்து ஓடிவிடும். மானிட்டர், கீபோர்டு, சர்வர் பெட்டி, அலமாரியில் இருக்கிற டிஸ்க் உறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, வலது பக்க மேல் மூலையில், கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். வரிசையாக வைத்தால் சிப்பாய்கள் மாதிரி நிற்கும். முதலாளி வந்து பார்த்து, "மயில்சாமி வேலைன்னா மயில்சாமி வேலைதான்யா" என்றார். பொட்டு வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அது மில்லின் சட்டம். அதைவிட அது என் சட்டம்.

சாயங்காலம் கிளம்பும் முன்னால் ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு உறையில் பொட்டு கலைந்து கிடந்தது. யார் கை பட்டதோ என்று எரிச்சல். கலைந்த பொட்டு ஆகாது சார். மறுபடி சந்தனம் குழைத்து, முன்னைவிட அழுத்தமாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நான் அவ்வளவு சுத்தமான ஆள்.

விஜயதசமி காலையில் தணிகைவேலை உடுமலைக்கு அனுப்பிவிட்டேன். கிடங்கில் ஏதோ பிரிண்டர் தகராறு. நல்ல நேரத்தில் இந்த மாதிரி பெரிய வேலையை நான் தனியாகத்தான் செய்வேன். அலமாரியைத் திறந்தேன். இரண்டு உறை. ஒன்றில் சர்வர் 2010. இன்னொன்றில் சர்வர் 2011. நீங்கள் இருந்தால் எதை எடுப்பீர்கள்? சொல்லுங்கள். பார்த்தீர்களா! ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.

2011-ஐப் போட்டேன். 'இருப்பதை மாற்றவா?' என்று கேட்டது. ஆம். 'மாற்றினால் திரும்பப் பெற முடியாது, சம்மதமா?' ஆம். எல்லாவற்றுக்கும் ஆம். நடுவில் தணிகைவேல் உடுமலையிலிருந்து போன் பண்ணினான். சர்வர் ஏறும்போது நான் போன் எடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். மறுபடி பண்ணினான். மறுபடியும் பண்ணினான். அன்றைக்கு எதற்கு அத்தனை தடவை? குற்றமுள்ள நெஞ்சு சார், வேறென்ன? முடிந்ததா, மாட்டினேனா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். வாலை நறுக்கிய சர்வர் எங்கள் ஆபீஸில் பாதிப் பேரை உள்ளேயே விடவில்லை. புதிய வடிவத்தில் எழுதியிருந்த கோப்புகளையெல்லாம் பழைய வடிவத்துக்கு இழுத்து, பாதியை மென்று துப்பிவிட்டது. பேக்கப் இருக்குமே என்பீர்கள். பேக்கப் எடுப்பதும் அதே சர்வர்தானே, அன்றைக்கே அதன் மேலும் எழுதிவிட்டது. தீபாவளிக்கு முன்னால், நாலு மில்லின் போனஸ் கணக்கும் போச்சு. தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவு, என்னைப் பார்த்து, "ஏனுங் சார், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சீங்களே, புத்தி வெச்சீங்களா?" என்று கேட்டது. வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

முதலாளி உட்காரச் சொல்லவில்லை. தணிகைவேலை அழைத்தார். அவன் வந்து அலமாரியில் இருந்த மற்ற உறையைக் காட்டி, "இதுதாங்க புதுசு" என்றான். "இதுவா? இதுல 2010னுல்ல போட்டிருக்கு?" என்றேன் நான். அவன் என்னைப் பார்த்தான், உறை மூலையில் இருந்த பொட்டைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். முதலாளி உறையோடு டிஸ்க்கைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். என்னை உடுமலைக் கிடங்குக்கு எறிந்தார். பருத்தி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை. பொறுப்பு தணிகைவேலுக்கு.

கிளம்புகிற அன்றைக்கு சுலோசனா அக்கா கூப்பிட்டது. முன்வாசலில் போன் எடுக்கிற அக்கா. ஆபீஸில் எந்தக் கதவு எப்போது திறந்தது என்று அதற்குத் தெரியாமல் இருக்காது. என் மேல் பிரியம். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது: "தம்பி, சொல்லலைன்னா என் மனசு ஆறாது. பூஜையன்னிக்கு மத்தியானம் அந்தத் தணிகைவேலு அலமாரியைத் திறந்து வெச்சுட்டு, ஒரு உறையைக் கைக்குட்டையில தேய்ச்சுட்டு இருந்தான். தேய் தேய்னு தேய்ச்சான். உன் சத்தம் கேட்டதும் படக்குனு உள்ள வெச்சு மூடிட்டான்."

அவ்வளவுதான் சார். எல்லாம் விளங்கிவிட்டது. பின்னாளில் காரியா விற்கிற டீலரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த உறைகளை நூற்றுக்கணக்கில் கையாண்டேன். வழவழப்பான அட்டை. நடுவில் பெரிதாக 'சர்வர் 2010'. 'செகண்ட் ரிலீஸ்' என்பது மட்டும் வலது பக்க மேல் மூலையில், நீல மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி. எங்கள் அலமாரியில் இருந்த உறையில் அந்த நீல எழுத்து இல்லை. சத்தியமாக இல்லை. இருந்திருந்தால் இந்தக் கண்ணுக்குத் தப்புமா? அவன் தேய்த்து அழித்திருக்கிறான். என் பொட்டு கலைந்து கிடந்ததே, அதுவே சாட்சி. என் நாற்காலி மேல் ஆசை. நான் அதை அடைகாத்தேன் சார், உடுமலைக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு, முட்டையை அடைகாக்கிற மாதிரி.

குஞ்சு பொரித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரியாக்காரர்கள் பேரை மறுபடி மாற்றினார்கள். காரியா 16 என்று ஒன்று, காரியா ஒன் என்று ஒன்று, காரியா ஒன் கிளாசிக் என்று இன்னொன்று. நான் அப்போது காந்திபுரத்தில் டீலர் கடையில். போன் வந்தது.

"அண்ணா, தணிகைவேல் பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன விஷயம்?"

"இந்த ஒன்னுங்கறதும் பதினாறுங்கறதும் ஒண்ணுங்களா, வேற வேறைங்களா? எவனைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றான். நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னுதான் கூப்பிட்டேன். எங்க சர்வர்ல ரெண்டும் சேருமுங்களா?"

சேராது. சேர்த்தால் மெயில் பெட்டிகள் அத்தனையும் காலியாகும். எனக்குத் தெரியும். உலகத்தில் அன்றைக்கு அது தெரிந்த சில பேரில் நான் ஒருத்தன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா. பேருதான் வேற. தைரியமா போடு."

"ரொம்ப நன்றிங்ணா."

அவன் நன்றி சொன்னான் சார்! போனை வைத்துவிட்டு எதிர் ஓட்டலுக்குப் போய் ஒரு நெய் ரோஸ்ட் சொன்னேன். அந்த மாதிரி மொறுமொறுப்பான ரோஸ்ட் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் இல்லை. அந்த வாரக் கடைசியில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் என் பேரைச் சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை? பயம். இல்லாவிட்டால் கூச்சம். செய்த பாவம் வாயைக் கட்டும்.

தப்பு என்று நினைக்கிறீர்களா? உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நீங்கள் பருத்தி மூட்டைகளோடு உட்கார்ந்ததில்லை சார்.

ஒரே ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சடித்த எழுத்து கைக்குட்டையால் தேய்த்தால் அழியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து அதே மாதிரி உறை ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். என் சம்சாரம் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வெள்ளிச் சாமான் தேய்க்கற மாதிரி தேய்க்கறீங்க, அங்க என் இட்லிக் குண்டான் கிடக்குது, அதையும் இழுத்துப் போட்டுக்குங்க" என்றாள். எழுத்து போகவில்லை. ஆனால் கைக்குட்டையில் லேசாக நீலம் ஒட்டியது. ஒட்டியது மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் இல்லை, நிழலில் பார்த்தால் இருந்தது. எங்கள் உறை பழைய அச்சாக இருந்திருக்கலாம். மட்டமான மையாக இருந்திருக்கலாம். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவன். ஒரு ஆள் தேவைப்பட்டது. போன வாரம் எச்.ஆர். அம்மா கூப்பிட்டது. "சார், ஒருத்தர் விண்ணப்பம் போட்டிருக்காரு. ரொம்ப நாளா நிலையான வேலை இல்ல, பொள்ளாச்சியில ஜெராக்ஸ் கடையில இருக்காரு. தணிகைவேல்னு பேரு. விசாரிக்க வேண்டியவர்னு உங்க பேரைத்தான் குடுத்திருக்காரு. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

என் பேரை! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நாலு பேர் எதிரில் என்னைக் குப்பையில் தள்ளியவன், என்னிடமே கையேந்துகிறான். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். 'வேண்டாம்' என்று அப்போதே போனில் மெசேஜ் அடித்துவிட்டேன். அனுப்பவில்லை. இருக்கிறது, பாருங்கள், இதோ. உடனே அனுப்பினால் ருசி இருக்காது. சுலோசனா அக்கா வாயால் இன்னொரு தடவை சூடாகக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அக்கா இப்போது சேலத்தில், சூரமங்கலத்தில், மகள் வீட்டில் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் போனேன்.

நல்ல தெளிவாகத்தான் இருக்கிறது. "வா தம்பி, என்ன இப்படி நரைச்சுப் போயிட்ட?" என்றது. காபி போட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, அந்தத் தணிகைவேல் கதையை மறுபடி ஒருக்கா சொல்லுங்க."

"இன்னுமா அதைத் தூக்கிட்டுத் திரியற?" என்று சிரித்துவிட்டுச் சொன்னது. அதே அலமாரி, அதே மத்தியானம், அதே தேய்ப்பு. எனக்கு மனசு குளிர்ந்துகொண்டே வந்தது. ஒரு கையில் போனை எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா கதையை முடித்து, டம்ளரை எடுக்கும்போது சும்மா ஒரு வார்த்தை சேர்த்தது.

"பாவம், அவன் கைக்குட்டையெல்லாம் கறையாயிடுச்சு. என் மேசைக்குப் பக்கத்துல இருந்த குழாயிலதான் அலசினான். 'மயிலண்ணன் பார்த்தா தொலைச்சுருவாருக்கா, சொல்லிராதீங்க'ன்னான். எங்க சொன்னேன்? நீ கிளம்பற வரைக்கும் வாயைத் திறக்கலையே."

இத்தனை வருஷத்தில் இந்தக் கைக்குட்டையை அலசிய கதையை அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. தேய்த்தான் என்று சொன்னதோடு எனக்குப் போதுமாக இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. வாசல் வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி திரும்பி, அக்காவிடம் ஒன்று கேட்டேன். அக்கா யோசித்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை மூடி நல்லா யோசித்தது. பதில் வருவதற்குள் நான் தெருவில் இறங்கி நடந்துவிட்டேன் சார். பின்னால் கூப்பிடுவது கேட்டது. "தம்பி, நில்லு, ஞாபகம் வந்துருச்சு" என்றது. நான் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராக ஸ்டேஷனுக்கு வந்து இந்த வண்டியில் ஏறிவிட்டேன்.

இது எச்.ஆர். அம்மாதான், மறுபடி கூப்பிடுகிறது. அடிக்கட்டும். திருப்பூர் தாண்டட்டும்.

என்ன கேட்டேன் என்றா? பெரிதாக ஒன்றுமில்லை. இவ்வளவுதான் கேட்டேன்:

"அக்கா, அந்தக் கைக்குட்டையில இருந்த கறை என்ன நிறம்? நீலமா, சந்தனமா?"